ஆளில்லாக் கடை

படிக்கட்டுக்கு அடியில்
ஒரு மேசை, ஒரு பிஸ்கட் டின்.
மூடியில் காசு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்.
கொடி அச்சிட்ட அழிப்பான் முப்பது காசு,
பென்சில் நாற்பது,
நீலப் பேனா எண்பது.
விற்க ஆளில்லை.
கேமரா வைத்துத் தருகிறேன் என்றார் ஒரு பையனின் அப்பா.
'வைத்தால் அது வெறும் கடை' என்றுவிட்டார்
முதல்வர் ஒலிவேரோ.

பள்ளியின் விழுமியங்கள் முகப்புச் சுவரில்
பித்தளை எழுத்தில் மின்னுகின்றன:
நேர்மை, துணிவு, பரிவு, இன்னும் இரண்டு.
பதினோரு வருடமாய் அதன் கீழே நடக்கிறேன்.
அந்த இரண்டும் என்ன என்று கேட்டால் விழிப்பேன்.
டின்னின் எடை மட்டும்
தூக்கியதுமே தெரியும்.

வெள்ளிதோறும் வெள்ளி எண்ணுவது என் வேலை.
கல்லா இல்லாத கடைக்கு
அலுவலகக் கணக்கர் நான்தான் கல்லா.

ஜனவரியில் எப்போதும் குறையும்.
தொடக்கநிலை ஒன்றின் பொடியன்களுக்கு
ஆளில்லை என்றால் இலவசம் என்றே பொருள்.
மார்ச்சுக்குள் தேறிவிடுவார்கள்.
தேர்வு மாதத்தில் மறுபடி சரியும்;
பயந்த பையன் முதலில் மறப்பது காசை.

காசு மட்டுமா விழுகிறது?
ஜொகூரிலிருந்து வந்த இருபது சென்,
ஒரு சட்டைப் பொத்தான்,
டிஷ்யூவில் சுற்றிய பால்பல்.
'இதர' என்று எழுதிக்கொண்டேன்.
ஒருமுறை ஒரு சீட்டு:
'காசு இல்லை. நாளைக்கு. ஹர்விந்தர்.'
அவனுடைய நாளை வர ஒன்பது நாளானது.
வந்தது.

இந்த ஜனவரியில்
ஒரே வாரத்தில் இருபத்தெட்டு நாடுகள் காணவில்லை.
பிரேசில், கானா, ஜப்பான், நார்வே...
இடைவேளையில் மேசைமேல் விரலால் சுண்டி
ஒரு கொடிமேல் இன்னொரு கொடியை ஏற்றி
பையன்கள் உலகைப் பிடிக்கிற விளையாட்டு.
எவனோ ஒரு பேரரசன்.
முதல்வர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.
பேரேட்டில், சிவப்பில், எட்டு வெள்ளி நாற்பது காசு.
அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மூன்றாம் வெள்ளி
டின் கனத்தது.
எல்லாம் பத்துக் காசு, எண்பத்து நான்கு நாணயம்,
இரண்டு தடவை எண்ணினேன்.
குறைவுக்குக் கட்டம் உண்டு என் பேரேட்டில்,
கூடுதலுக்கு இல்லை.

எடுத்தவனா? பார்த்தவனா?
தம்பிக்காக ஓர் அண்ணன்
காண்டீனில் மீ கோரெங்கைத் தியாகம் செய்தானா?
சொன்னால் காலைக் கூட்டத்தில் கைதட்டுவார்கள்.
கைதட்டினால் அவன் எழுந்து நிற்க வேண்டும்.
நிற்க விரும்பியிருந்தால்
இத்தனை சில்லறை சேர்த்திருப்பானா?
ஜனவரிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்
சிவப்பின் மேல் நீலத்தில்
'வந்தது' என்று மட்டும் எழுதினேன்.

எழுதியபோதுதான் பேனாவைப் பார்த்தேன்.
மார்ச்சில் மை தீர்ந்த ஓர் அவசரத்தில்
அந்த மேசையிலிருந்து எடுத்தது.
நாளைக்கு, என்று நானும் நினைத்திருப்பேன்.
சீட்டுக்கூட எழுதவில்லை.

ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது.
தண்ணீர்ப் போத்தல்களை உருட்டிக்கொண்டு
முந்நூறு பேர் பேருந்துகளுக்குக் கொட்டினார்கள்.
பகல் பள்ளி இது; போனால் போனதுதான்,
ஒரு காலுறையைத் தவிர எதுவும் மிச்சமில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன்.
பர்சில் இருந்தது ஒரு வெள்ளி நாணயம் ஒன்றே.
டின்னுக்குச் சில்லறை தரத் தெரியாது.

போட்டேன்.
காலி டின்னில் எவ்வளவு சத்தம்!
வயலின் பெட்டியோடு தாமதமாய் இறங்கிய ஒருவன்
என்னைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல்
கோணலாய்க் கிடந்த பென்சில்களை நேராக்கிவிட்டு
மழைக்குள் ஓடினான்.

அடுத்த வெள்ளி
இருபது காசு கூடுதலாக வரும்.
கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.